ஊர்க் குழுவில் கொழுவல் வந்தால்: வட்ஸ்அப் விவாதங்களைக் கையாள முழுமையான வழிகாட்டி

ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம் என்று யாழ்ப்பாணத்து ஊர் வேலைகளில் பெரும்பகுதி இப்போது வட்ஸ்அப் குழுக்களில்தான் கதைத்து முடிவாகிறது. ஊரில் நிற்பவரும் ரொறன்ரோ, லண்டன், சூரிச், மெல்பேர்ணில் இருப்பவரும் ஒரே திரையில் சந்திக்கிறார்கள். கூரைத் தகட்டில் தொடங்கிய கதை இரண்டாம் நாளில் குடும்பப் பகையாக முடிவதும் அங்கேதான். அப்படிப்பட்ட குழுவில் எழுதுபவருக்கும் அதை நடத்தும் அட்மினுக்கும் உரிய வழிகாட்டி இது.

குழுச் சண்டைகள் மூன்று வகை. ஒன்று, செய்தி பற்றியது: எவ்வளவு செலவானது, காணி எல்லை எங்கே, பிரதேச சபை அனுமதி தந்ததா. இரண்டு, விருப்பம் பற்றியது: முதலில் வாசிகசாலையா, மதிலா. மூன்று, மரியாதை பற்றியது: என்னை ஏன் கேட்கவில்லை, என் பெயரை ஏன் போடவில்லை, என்னைக் கள்ளன் என்றா சொல்கிறாய். செய்திச் சண்டையை ஆவணம் முடிக்கும். விருப்பச் சண்டையை வாக்கு முடிக்கும். மரியாதைச் சண்டையைத் தனியான தொலைபேசி அழைப்போ நேரில் போய்க் கதைப்பதோதான் முடிக்கும். மனம் நொந்தவருக்குப் பற்றுச்சீட்டைக் காட்டினால் நோவு கூடும். கணக்குக் கேட்பவரிடம் "நாங்கள் எல்லாரும் ஒரு ஊர்" என்று சொன்னால் சந்தேகம் கூடும். குழுக்கள் உடைவதற்குப் பெரிய காரணம் இந்த மாறாட்டம்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தப் பிரிப்பை வைத்தே சொல்லப்படுகின்றன.

படி 1: எழுத முன் மேலே போய் வாசியுங்கள்

உங்களைக் கோபப்படுத்திய செய்தியிலிருந்து மேல்நோக்கிப் போய், கதை எந்தச் செய்தியில் தொடங்கியதோ அதுவரை வாசியுங்கள். இடையில் குரல் பதிவு இருந்தால் அதையும் முழுதாகக் கேளுங்கள். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி உண்டு; ஆனால் சண்டைக்குரிய பதிவைச் சாதாரண வேகத்திலேயே கேட்க வேண்டும். வேகமாக ஓடும் குரல் எப்போதும் ஏசுவது போலவே காதில் விழும்.

பிறகு, எழுதியவரின் நேரத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இரவு 9 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. மெல்பேர்ணில் நள்ளிரவு தாண்டி 1.30 அல்லது 2.30. வேலையிடத்து இடைவேளையில் அவசரமாகத் தட்டிய ஒற்றை வரியை, ஊரில் ஒருவர் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருந்து ஐந்து தரம் வாசிக்கிறார். எழுதியவர் கொடுக்காத கனத்தை வாசிப்பவர் கொடுக்கிறார். "நான் கேட்டும் பதில் இல்லை, வேணுமெண்டு ஒளிக்கினம்" என்ற குற்றச்சாட்டும் பல தடவை நித்திரையால் வந்ததே. எழுதியவரின் ஊரில் ஒரு முழுப் பகல் போகும்வரை அவரது மௌனத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, இது செய்தியா, விருப்பமா, மரியாதையா என்று ஒரு சொல்லில் முடிவெடுங்கள். முடிவெடுக்க முடியவில்லை என்றால் மரியாதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெரிவு பிழைத்தாலும் பெரிய சேதம் வராது.

படி 2: விளக்கப் பிழையா என்று சோதியுங்கள்

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதால் வரும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பி, ஓ, ஐ என்று மூன்று எழுத்தைத் தட்டினால் அதைப் "போய்" என்றும் வாசிக்கலாம், "பொய்" என்றும் வாசிக்கலாம். "செயலாளர் போய்ச் சொன்னவர்" என்று ஒருவர் எழுதியது "செயலாளர் பொய் சொன்னவர்" என்று வாசிக்கப்பட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெடில் குறில், ல ள ழ, ர ற எல்லாம் ஆங்கில எழுத்தில் கரைந்துபோகின்றன. ஆகவே ஆளைப் பற்றியோ காசைப் பற்றியோ எழுதும்போது தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தட்டத் தெரியாவிட்டால் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து வாயால் சொல்லி எழுதலாம். அனுப்ப முன் ஒரு தரம் வாசித்துத் திருத்த வேண்டும்.

அழைக்கும் சொல் அடுத்தது. யாழ்ப்பாணத்தில் "நீர்" என்பது சம வயதினருக்கும் இளையவருக்கும் இயல்பான மரியாதைச் சொல். அதையே வயதில் மூத்தவருக்கு எழுதினால் இறக்கிக் கதைத்ததாகும். அப்படிக் கதைத்துப் பழகாத ஊரவருக்கு அது சண்டைக்கு இழுப்பது போலவும் படும். குழுவில் எல்லாருக்கும் "நீங்கள்" என்பதே பாதுகாப்பு. விவாதத்தின் நடுவில் திடீரென்று "தம்பி" போடுவதும் அப்படித்தான். அன்றாடம் "தம்பி" என்று கூப்பிடுபவர் கூப்பிட்டால் அன்பு. இதுவரை பெயர் சொல்லி எழுதியவர் எதிர்க்கருத்து வந்ததும் "தம்பி, உமக்கு விளங்காது" என்றால் அது வாயை மூடு என்பதற்குச் சமம்.

ஒற்றைச் சொல் மறுமொழியும் கைகூப்பும் படமும் பெருவிரல் படமும் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தருபவை. வேலை முடிவுகளுக்கு அவற்றைப் போடாதீர்கள். "ஓம், சம்மதம்" என்று இரண்டு சொல் எழுதினால் பிறகு "நான் சம்மதிக்கேல்லை, கண்டதுக்குத்தான் அடையாளம் போட்டனான்" என்ற கதை வராது.

விளங்கவில்லை என்றால் கேட்க ஒரே ஒரு முறைதான் உண்டு. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அதற்கே மறுமொழியாக, "நீங்கள் சொல்லுறது இதுதானே?" என்று உங்கள் சொல்லில் திருப்பி எழுதுங்கள். "என்ன சொல்ல வாறியள்?" என்று மட்டும் கேட்டால் அது அதட்டலாகவே விழும்.

ஒரு சண்டையைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

சனசமூக நிலையக் கூரை வேலை. பாதித் தகடு ஏறிய படத்தைப் பொருளாளர் போடுகிறார். கீழே ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: "வேலை நல்லம். கணக்கு எங்க?"

கேட்டவர் அங்கே அடுத்த தவணைக் காசு சேர்ப்பவர். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால்தான் ஆட்களிடம் கேட்கலாம். அவருடையது செய்திக் கேள்வி. பொருளாளர் வாசித்ததோ "நீ காசை அடிச்சிட்டாய்" என்று. அவர் எழுதுகிறார்: "நான் இஞ்ச வெயிலுக்க நிக்கிறன். அங்க ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு கணக்குக் கேக்கிறியள்." இது மரியாதைப் பதில். அடுத்து மூன்றாமவர் ஒருவர்: "கணக்குக் கேட்டா ஏன் கோவம் வருது?" அவ்வளவுதான். கூரை மறைந்துவிட்டது.

கேட்டவர் இப்படிக் கேட்டிருக்க வேண்டும்: "அண்ணை, வேலை நல்லாப் போகுது, வெயிலுக்க நிண்டு பாக்கிறியள், நன்றி. இஞ்ச அடுத்த தவணை சேர்க்கிறம். இதுவரை எவ்வளவு முடிஞ்சது, இன்னும் எவ்வளவு தேவை எண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒருக்காப் போடேலுமோ?" இதில் நான்கு உறுப்பு உண்டு: செய்த வேலைக்கு ஏற்பு, கேட்பதற்கான காரணம், கேட்கும் தகவல் எது என்பது, நாள். காரணத்தைச் சொல்லாமல் காசைப் பற்றிக் கேட்டால் காரணத்தை வாசிப்பவர் தானே கற்பித்துக்கொள்வார். கற்பித்த காரணம் ஒருபோதும் நல்லதாக இராது.

கேள்வி மொட்டையாகவே வந்துவிட்டது. பொருளாளர் என்ன செய்யலாம்? கேட்டதற்குக் குழுவிலும், நொந்ததற்குத் தனியாகவும் பதில் சொல்லலாம். குழுவில்: "சேர்ந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பற்றுச்சீட்டுப் படங்கள் கீழே." தனியாக: "அண்ணை, எல்லாருக்கும் முன்னால அப்பிடிக் கேட்டது எனக்கு நோகுது." இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால் கணக்கை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நோவை மட்டுமே பிடித்துக்கொள்வார்கள்.

கேட்க முன்னரே கணக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி என்று ஒரு நாளைக் குறித்து, திகதி, விபரம், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் ஆகிய நான்கு நிரல்களுடன் ஒரு தாளை எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். செலவு இல்லாத மாதத்திலும் "செலவு இல்லை, மிச்சம் இவ்வளவு" என்று போட வேண்டும். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதக் கேள்வியில் குத்தல் ஏறிவிடும்.

படி 3: மறுமொழியைக் கட்டும் முறை

எதிர்க்கருத்து எழுதுபவர் கைத்தொலைபேசித் திரை ஒன்றுக்குள் அடங்கும்படி எழுத வேண்டும். எண்பது, நூறு சொல் போதும். வரிசை இது:

1. எந்தச் செய்திக்கு மறுமொழி என்பது தெரிய அதை இணைத்தே எழுதுங்கள். 200 பேர் உள்ள குழுவில் தனியே நிற்கும் "அது பிழை" எவரைச் சுட்டுகிறது என்று தெரியாது. நான்கு பேர் தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.
2. மற்றவர் சொன்னதை, அவரே "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று ஏற்கும்படி ஒரு வசனத்தில் சொல்லுங்கள்.
3. அதில் உங்களுக்கு உடன்பாடான பகுதி எது என்று சொல்லுங்கள். உண்மையாக உடன்படுவதை மட்டும்.
4. மறுப்பு ஒன்றே ஒன்று, ஆதாரத்தோடு. மூன்று மறுப்பு எழுதினால் அவற்றில் மெலிந்ததை எடுத்து அவர் அடிப்பார். பலமான இரண்டும் காணாமல் போகும்.
5. அடுத்து என்ன செய்வது, எப்போது.

நூல் எழுதுபவர் கொள்ளக்கூடிய மதங்கள் (கொள்கை நிலைகள்) ஏழு என்று நன்னூல் வகுக்கும்போது முதலில் வைப்பது உடன்படல். மறுத்தல் இரண்டாவது. மூன்றாவது, பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பிறகு களைதல். இந்த மூன்றாவதுதான் குழு விவாதத்தில் மிகக் குறைவாகக் கையாளப்படுவதும் மிக அதிகம் பயன் தருவதும். "நீங்கள் சொல்லுற மாதிரி முதல்ல மதிலைக் கட்டுவம் எண்டு வைப்பம். மாரி தொடங்க முன் கூரை முடியாது, புத்தகம் நனையும். அதுக்கு என்ன செய்வம்?" என்று எழுதினால் அவர் உங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்குவார்.

எழுதி முடித்ததும் உடனே அனுப்பாமல் வேறொரு வேலை பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள். அனுப்பிய பின் பிழை கண்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எழுத்துப் பிழைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கருத்தையே மாற்றுவதென்றால் "திருத்தம்:" என்று புதிதாக எழுதுங்கள். ஒருவர் மறுமொழி போட்ட பிறகு மூலச் செய்தியைத் திருத்தினால் அவரை விசர் ஆக்கியது போலாகும். அழிப்பதும் அப்படியே. சுமார் இரண்டரை நாள்வரை எல்லாருக்கும் அழிக்கலாம் என்றாலும், அழித்த அடையாளம் நிற்கும். அதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்திருப்பார். அழித்தால் ஏன் அழித்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 4: ஆளுக்கேற்ற முறை

நொட்டை பிடிப்பவர். நீங்கள் எழுதியதில் திகதி பிழை, எழுத்துப் பிழை, தகட்டின் அளவு பிழை என்று பிடித்துக்கொண்டு மொத்தக் கருத்தையும் தள்ளுவார். "சரி, 12 இல்லை 14 தான், திருத்துறன், நன்றி. மிச்சத்தைப் பாப்பம்." இதோடு விடுங்கள். நொட்டை சரியென்றால் ஏற்கத் தயங்குவதுதான் அவருக்குக் கிடைக்கும் வெற்றி.

வேறு கதையை இழுப்பவர். "அப்ப போன திருவிழாக் கணக்கை ஏன் ஒருதரும் கேக்கேல்லை?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். "அது வேற விடயம்" என்று மட்டும் தள்ளினால் மூடி மறைப்பதாகப் படும். "அதுவும் கதைக்க வேண்டியது. இந்தக் கூரை விடயம் வெள்ளிக்கிழமை முடியுது, திருவிழாக் கணக்கை சனிக்கிழமை எடுப்பம்" என்று நாள் குறியுங்கள். சனிக்கிழமை நீங்களே முதல் ஆளாக எடுங்கள். ஒரு தடவை எடுக்கத் தவறினால் அடுத்த முறை உங்கள் வாக்கு செல்லாது.

நீட்டி முறிப்பவர். நீங்கள் "இந்த வருசம் வெடிச் செலவைக் குறைப்பம்" என்றால், "அப்ப கோயில் திருவிழாவே வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?" என்பார். "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்று பாயாதீர்கள். பாய்ந்தால் விவாதம் திருவிழா வேண்டுமா வேண்டாமா என்று மாறி, நீங்கள் வேண்டாத பக்கத்தில் நிற்பதாக ஆகிவிடும். உங்கள் முதற் செய்தியை இணைத்து, "நான் எழுதினது இதுதான்: வெடிச் செலவு. அதைப் பற்றி உங்கட கருத்து என்ன?" என்று கேளுங்கள். அவர் மறுபடியும் நீட்டினால் மறுபடியும் அதே செய்தியை இணையுங்கள், சொல் மாற்றாமல்.

கேள்வி மட்டுமே கேட்பவர். தன் கருத்து எதையும் வைக்காமல் மற்றவர் கருத்தை உடைப்பதை மட்டும் வேலையாகக் கொண்டதைத்தான் நியாய (தருக்க) நூல்கள் விதண்டை என்கின்றன. உண்மையைக் காண்பதற்கான வாதம், வெல்வதற்கான ஜல்பம் இரண்டிலிருந்தும் அதை அவை பிரிக்கின்றன. இன்றைய வடிவம் "நான் சும்மா கேக்கிறன்" என்பது. இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு முன், "உங்கட யோசனை என்ன? எழுதுங்கோ, அதையும் சேர்த்துப் பாப்பம்" என்று கேளுங்கள். யோசனை வந்தால் நல்லது. வராவிட்டால் வாசிப்பவர்களுக்கு நிலைமை விளங்கிவிடும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட குரல் பதிவுக்காரர். ஏழு நிமிடப் பதிவை அரைவாசிப் பேர் கேட்கமாட்டார்கள், ஆனால் அதைப் பற்றிக் கதைப்பார்கள். மூத்தவர்களுக்குத் தட்டி எழுதுவது கஷ்டம் என்பதால் குரல் பதிவைத் தடுப்பது நியாயமில்லை. யாராவது ஒருவர் கேட்டு, "ஐயா சொன்னது இரண்டு விடயம். 1.20 இல் கிணற்றுப் பக்கம் வடிகால் வேணும். 4.10 இல் மேசனை மாத்தக்கூடாது. சரிதானே ஐயா?" என்று எழுதட்டும். அவருக்கும் மதிப்பு, குழுவுக்கும் வேலை இலகு.

பொடி வைப்பவர். "சில பேர் ஊர்க் காசில வீட்டுக்கு மாபிள் பதிக்கினம், நான் ஒண்டும் சொல்லேல்லை." "ஆரைச் சொல்லுறியள்?" என்று குழுவில் கேட்பது அவர் போட்ட தூண்டிலைக் கவ்வுவது. இதை அட்மின் தனியாக எடுத்துக் கேட்க வேண்டும்: "ஆதாரம் இருந்தா நிர்வாகத்துக்கு எழுதித் தாங்கோ, விசாரிப்பம். இல்லையெண்டா அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கோ." இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். பெயர் சொல்லாத பழி குழுவில் கிடந்தால் வீட்டுக்கு மாபிள் பதித்த அத்தனை பேரும் அதைச் சுமக்கிறார்கள்.

அனுப்பிக்கொண்டே இருப்பவர். செய்தியின் தலையில் இரட்டை அம்பும் "பல முறை அனுப்பப்பட்டது" என்ற குறிப்பும் இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். வெட்டி ஒட்டினால் அந்தக் குறி வராது; ஆகவே குறி இல்லாததெல்லாம் உண்மை என்று நம்பவும் முடியாது. நவம்பர், டிசம்பர் புயல் காலத்தில் பழைய வெள்ளப் படங்கள் சுற்றும். அப்போது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நிற்பவரும் காசு அனுப்புபவரும்

யாழ்ப்பாணக் குழுக்களின் ஆறாத புண் இது. "வெளிநாட்டில இருந்துகொண்டு எங்களுக்குச் சொல்ல வராதையுங்கோ" என்று ஒரு பக்கம். "காசு எங்கட, கேக்க உரிமை இல்லையோ?" என்று மறு பக்கம். இரண்டும் ஆளைப் பார்த்து எழுதுபவை, விடயத்தைத் தொடுவதில்லை. இரண்டு பக்கத்திலும் உண்மையான வலி இருக்கிறது. காசு அனுப்புபவர் குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்தது அது. ஊரில் நிற்பவர் தன் வேலையை விட்டுவிட்டு, கூலி இல்லாமல், மேசனோடும் அலுவலகங்களோடும் மாரடிக்கிறார். போர்க்காலத்தில் போனவர், நின்றவர் என்ற பழைய கணக்கும் அடியில் கிடக்கிறது. அதை ஒருவரும் எழுதமாட்டார்கள். ஆனால் எல்லாரும் வாசிப்பார்கள்.

இதை நல்லுபதேசத்தால் தீர்க்க முடியாது. எந்த முடிவை யார் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் பெரும்பகுதி தணியும். எந்தத் திட்டம், மொத்தச் செலவு எவ்வளவு என்பது எல்லாரும் வாக்களித்து எடுப்பது. எந்த மேசன், எந்தக் கடை, எந்த நாள் என்பது ஊர்க் குழு எடுப்பது. அதற்கு மேல் கேள்வி வேண்டாம். குறித்த தொகைக்கு மேலான கொள்வனவுக்கு மூன்று விலைமனு எடுத்துப் படம் போட வேண்டும். அந்தத் தொகை எது என்பதை முதற் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். பயன்படுத்துபவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும்: நிலையத்துக்கு வரும் பிள்ளைகள், பெண்கள் பெரும்பாலும் அந்தக் குழுவிலேயே இருக்கமாட்டார்கள், அவர்களிடம் கேட்டு ஒருவர் எழுத வேண்டும்.

வாக்கு எடுக்கும்போது மூன்று நாள் திறந்து வையுங்கள், அதில் ஒரு ஞாயிறு வர வேண்டும். ஊரில் மாலை 5 மணியிலிருந்து 6 வரை எல்லாக் கண்டத்திலும் ஆட்கள் விழித்திருக்கும் நேரம். கேள்வியை அப்போது போடுங்கள். வட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தெரிவுவரை வைக்கலாம். ஒருவர் பல தெரிவுக்கு வாக்களிக்கும் வசதி தானாகத் திறந்திருக்கும், அதை மூடுங்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மதிலா கூரையா என்பதற்கு அது பரவாயில்லை. தலைவர் தெரிவுக்கு அதைப் பயன்படுத்தினால் பத்து வருடப் பகைக்கு நீங்களே பட்டியல் எழுதிக் கொடுத்ததாகும். ஆள் தெரிவு பொதுக்கூட்டத்தில், கடதாசியில் நடக்கட்டும்.

செய்திச் சண்டைக்கு வாக்கெடுப்பு வேண்டாம். ஒழுங்கை பிரதேச சபைக்குரியதா தனியாருக்குரியதா என்பதை 60 பேர் வாக்களித்து முடிவு செய்ய முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். இந்த உரிமை இலங்கைக் குடிமக்களுக்குரியது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் ஊரிலுள்ள ஒருவரைக் கொண்டு கேட்பிக்கலாம். பதில் வரும்வரை அந்த விடயத்தைக் குழுவில் நிறுத்தி வையுங்கள்.

படி 5: எப்போது குழுவை விட்டு வெளியே எடுப்பது

இரண்டு பேர் மாறி மாறி எழுதி மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டால் நிறுத்துங்கள். அதற்கு மேல் எழுதுபவை மற்றவரை நோக்கியவை அல்ல, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முன் தோற்காமல் இருப்பதற்கானவை. "இரவைக்கு உங்களுக்கு எடுக்கிறன்" என்று எழுதிவிட்டு எடுங்கள். கதைத்து முடிந்ததும் முடிவைக் குழுவில் இரண்டு வரியில், இருவர் சம்மதத்தோடு போடுங்கள். போடாவிட்டால் மற்றவர்கள் சண்டையைத் தொடர்வார்கள்.

மரண அறிவித்தல் வந்தால் விவாதம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அனுதாபச் செய்திகளுக்கு நடுவில் தகட்டு விலை பற்றிய குத்தல் ஒன்று விழுந்தால் செத்தவீட்டுக்காரர் அதை மறக்கமாட்டார்கள். குறைந்தது ஒரு நாள், ஊரவர் என்றால் கிரியைகள் முடியும்வரை விடுங்கள். பிறகு பழைய செய்தியை இணைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

சாதியைச் சொல்லி ஒருவர் எழுதினால் அங்கே விவாதமே இல்லை. சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. அட்மின் செய்தியை நீக்கி, ஆளை வெளியே எடுத்து, ஏன் எடுத்தார் என்று குழுவில் எழுத வேண்டும். "இரண்டு பக்கமும் அமைதியா இருங்கோ" என்று எழுதுவது ஏச்சு வாங்கியவரை இரண்டாம் தரம் ஏசுவது. மிரட்டல், அந்தரங்கப் படம் போன்றவை வந்தால் அழிக்க முன் திகதியும் இலக்கமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிசாரிடம் போங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அட்மின் தானே நீதவானாக முயலக்கூடாது.

அட்மின்களுக்கு

மூன்று பேர் இருங்கள்: ஊரில் ஒருவர், ஐரோப்பாவில் ஒருவர், கனடாவில் ஒருவர். அப்போதுதான் எந்த நேரமும் ஒருவர் விழித்திருப்பார். சண்டையில் ஒரு பக்கமாக எழுதிய அட்மின் அந்த விடயத்தில் தன் அதிகாரத்தைத் தொடக்கூடாது; மற்ற இருவரில் ஒருவர் பார்க்கட்டும். விதிகள் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அவற்றைக் குழுவின் மேலே குத்தி (பின் செய்து) வையுங்கள்: ஒரு நேரத்தில் மூன்று செய்திதான் குத்தலாம், ஆகக் கூடியது 30 நாள், எனவே மாதம் ஒருமுறை மறுபடி குத்த வேண்டும். விதிகள், நடப்புக் கணக்கு, இப்போது கதைக்கும் விடயம் ஆகிய மூன்றும் அங்கே இருக்கட்டும்.

கொழுவல் முற்றினால் அட்மின்கள் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டலாம். பூட்ட முன் காரணத்தையும் திறக்கும் நேரத்தையும் எழுதுங்கள்: "நாளை மாலை 6 மணிவரை பூட்டுகிறோம்." நேரம் சொல்லாமல் பூட்டினால் எதிர்த்தரப்பு அன்றிரவே வேறு குழு தொடங்கிவிடும். பூட்டிய நேரத்தில் இரு தரப்போடும் தொலைபேசியில் கதைத்து, இருவரும் ஏற்கும் ஒரு வசனத்தில் பிரச்சினையை எழுதுங்கள். திறக்கும்போது முதற் செய்தியாக அந்த வசனத்தைப் போடுங்கள்.

ஒருவர் கோபித்து விலகினால் இப்போது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு வரும். ஆனால் விலகியவர் பட்டியலை 60 நாள்வரை எவரும் பார்க்கலாம். ஆகவே விலகலை மறைக்கவும் வேண்டாம், குழுவில் அறிவித்து விளம்பரப்படுத்தவும் வேண்டாம். உடனே திருப்பிச் சேர்க்காதீர்கள். கோபம் ஆறமுன் சேர்த்தால் மறுபடி விலகுவார், இரண்டாவது விலகல் நிரந்தரமாகிவிடும். ஒரு கிழமை போகட்டும். அவருக்கு நெருக்கமான ஒருவர், அட்மின் அல்லாதவர், வீட்டுக்குப் போய்க் கதைக்கட்டும். வெளிநாட்டில் என்றால் அந்த நாட்டில் இருப்பவர் எடுக்கட்டும். "எல்லாரும் உங்களைத் தேடுகினம்" என்ற பொதுக்கதை வேண்டாம். "வடிகால் போடுற இடத்தைக் காட்ட உங்களைத் தவிர ஒருதருக்கும் தெரியாது" என்பது போல அவரால் மட்டும் ஆகக்கூடிய ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்ததும் வரவேற்புச் செய்தி போடாமல், அந்த வேலையைப் பற்றிய கேள்வியை அவரிடம் குழுவில் கேளுங்கள்.